உத்தரவாதச் சீட்டும் உரிமைச் சட்டமும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் அமைந்த ஊர் புக்கிட் தெங்கா. இன்று அவ்வூரின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது அங்குள்ள தொழிற்பேட்டையே. கணினி உற்பத்தியில் உலகப் புகழ்பெற்ற டெல் நிறுவனமும் அங்கே ஆலை நிறுவியது. இவ்வாறு கணினி உருவாகும் மண்ணிலேயே, பழுதுற்ற மலிவுவிலை மடிக்கணினியைக் கையிலேந்திக் கடைக்கும் பழுதுபார்ப்பு நிலையத்துக்கும் அலையும் பெற்றோரும் வாழ்கின்றனர். ஆக்கும் கைகளுக்கு வேலை வந்த வரலாறு பலரும் அறிந்தது. வாங்கும் கைகளுக்கு உரிமை வந்த வரலாறோ பலரும் அறியாதது.

முன்னதைச் சுருங்கக் காண்போம். பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தபின் வேலையின்மை பெருகியது. 1969இல் முதலமைச்சரான டாக்டர் லிம் சொங் இயூ, மின்னணுத் தொழிலை மாற்று வழியாகக் கண்டார். 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வளாகம் எழுந்தது. இண்டெல், ஹியூலெட் பேக்கார்டு, ஹித்தாச்சி, போஷ் முதலிய நிறுவனங்கள் வந்தன. 2004ஆம் ஆண்டில் தாம் வாங்கிய மடிக்கணினி எங்கெங்கே உருப்பெற்றது என ஆராய்ந்த அமெரிக்க எழுத்தாளர் தாமஸ் பிரீட்மன், அது பினாங்கில் பொருத்தப்பட்டதெனத் தம் நூலில் பதிவு செய்தார்.

இனிப் பின்னதைக் காண்போம். 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம், விற்கும் பொருள் தரமுடையதாக இருத்தல் வேண்டும் என்றது. ஆயினும், இரு தரப்பாரும் ஒப்பந்தத்தால் அக்கடப்பாட்டை நீக்கிக் கொள்ளவும் அச்சட்டம் இடமளித்தது. எனவே சட்டம் தந்ததைச் சிறிய எழுத்தில் அச்சிட்ட சீட்டொன்று பறித்துவிட முடிந்தது. உத்தரவாதம் என்பது விற்பவரின் கருணையாகவே நின்றது.

இந்நிலையை எதிர்த்து எழுந்த குரல்களுள் முதன்மையானது, 1969இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் குரல். தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ், 2019இல் மறையும்வரை அதற்குத் தலைமை தாங்கினார். எளியோரின் முறையீட்டுக்குச் செவிசாய்த்த அச்சங்கம், புக்கிட் தெங்காவை அடுத்த கோலா ஜூருவில் தொழிற்சாலைக் கழிவால் வாழ்விழந்த மீனவர்களுக்கும் எழுபதுகளில் துணைநின்றது.

1999இல் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அது தரும் உரிமைகளை எந்த ஒப்பந்தமும் நீக்க இயலாது. பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருத்தல் வேண்டும். பழுதை விற்றவரே நியாயமான காலத்துக்குள் நீக்குதல் வேண்டும். நீக்கத் தவறினால் வாங்கியவர் பொருளைத் திருப்பித் தரலாம். பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலம்வரை கிடைக்கச் செய்வது உற்பத்தியாளரின் கடமை. ஆயினும், அவ்வசதி இல்லையென விற்கும் முன்பே அறிவித்துவிட்டால் இக்கடமை நீங்கும். ஆதலின் வாங்குமுன் சீட்டைப் படித்தல் இன்றியமையாதது.

அச்சட்டம் அமைத்த நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளிக் கட்டணத்தில் முறையிடலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. தொடக்கத்தில் 10,000 வெள்ளியாக இருந்த கோரிக்கை வரம்பு பின்னர் 50,000 வெள்ளியாக உயர்ந்தது.

2020இல் நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, எளிய குடும்பங்களும் கடன்பட்டு மடிக்கணினி வாங்கின. மலிவுக் கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். சிறு பாகம் கெட்டாலும் பலகை முழுவதையும் மாற்ற நேரும். செலவோ புதுக் கணினியின் விலையை நெருங்கும். பழுதுற்ற கணினி மேசையில் கிடக்க, பிள்ளையின் பாடம் நின்றுபோகும். “உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது” என்னும் ஒரு சொல்லோடு திரும்பிவிடுவோர் பலர். சீட்டின் காலம் முடிந்தாலும் சட்டத்தின் காவல் அன்றே முடிந்துவிடுவதில்லை என்பதை அவர்கள் அறியார்.

உத்தரவாதச் சீட்டு விற்பவர் எழுதியது. உரிமைச் சட்டமோ மக்கள் கேட்டுப் பெற்றது. விற்பனைச் சீட்டைப் பத்திரப்படுத்துவதும், முறையீட்டை எழுத்தில் தருவதும், ஒப்புகை பெறுவதும் கடினமான கலைகள் அல்ல. முறையீட்டுக் கடிதம் எழுதக் கற்கும் மாணவர், ஏட்டில் எழுதும் அக்கடிதத்தை ஒருநாள் தம் பெற்றோருக்காகவும் எழுதும்போதே, இவ்வரலாறு பயன்தரும்.