வல்கன் விமானமும் மூன்று இருக்கைகளும்

விமானத்தின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரலாறாகவே நமக்குச் சொல்லப்படுகிறது. 1903ஆம் ஆண்டில் ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். 1919இல் ஆல்காக்கும் பிரவுனும் அட்லாண்டிக் மாகடலை இடையில் எங்கும் நில்லாமல் கடந்தார்கள். 1969இல் மனிதன் சந்திரனில் கால் வைத்தான். பள்ளிப் புத்தகங்கள் இப்படியே படி மேல் படியாக அடுக்கிக்கொண்டு போகின்றன. அந்தப் படிகளின் அடியில் விழுந்து நொறுங்கிய விமானங்களும் மடிந்த மனிதர்களும் இருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அவர்களைப் பற்றித்தான்.

நான் திருமுருகன்பூண்டியில் வாழ்பவன். எங்கள் ஊருக்குச் சற்றுத் தொலைவிலுள்ள சூலூரில் இந்திய விமானப்படையின் தளம் இருக்கிறது. 2021 டிசம்பர் 8ஆம் நாள் அங்கிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நொறுங்கியதையும், முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேர் உயிர் நீத்ததையும் நீங்கள் அறிவீர்கள். வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துள் நுழைந்தது. விமானி திசையுணர்வு இழந்தார். ஹெலிகாப்டர் மலையில் மோதியது. இதுவே விசாரணையின் முடிவு. விசாரணை நடத்தினால் போன உயிர் திரும்பவா போகிறது என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அக்கேள்விக்கு விடை காண, உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் உருவான ஒரு பெரிய குண்டுவீச்சு விமானத்தின் கதை நமக்கு உதவும். அதன் பெயர் வல்கன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், அணுகுண்டைச் சுமந்து நெடுந்தொலைவு செல்லக்கூடிய ஜெட் விமானங்கள் தனக்கு வேண்டுமெனப் பிரிட்டிஷ் அரசு தீர்மானித்தது. அவ்வாறு பிறந்தவை மூன்று: வேலியண்ட், வல்கன், விக்டர். வேலியண்ட் 1951ஆம் ஆண்டு மே மாதத்திலும், வல்கன் 1952 ஆகஸ்டு 30ஆம் நாளிலும், விக்டர் அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் நாளிலும் முதன்முதலாகப் பறந்தன. வல்கனுக்கு வால் இறக்கை கிடையாது. முக்கோண வடிவான ஒரே பெரிய இறக்கை. இதன் முதல் வரைபடங்களைத் தீட்டிய ராய் சாட்விக், அது பறப்பதைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. அவர் உருவாக்கிய டியூடர் என்னும் பயணி விமானம் ஒன்றைச் சோதித்துப் பார்க்க, 1947 ஆகஸ்டு 23ஆம் நாள் அவரே அதில் ஏறிச் சென்றார். இறக்கையின் சாய்வை ஆளும் கம்பிகளை யாரோ இடம் மாற்றிப் பூட்டியிருந்தார்கள். வலப்புறம் திருப்ப நினைத்தால் விமானம் இடப்புறம் சாயும். மேலெழும்பிய சிறிது நேரத்திலேயே அது வீழ்ந்தது, சாட்விக் மாண்டார்.

வல்கனில் ஐவர் செல்வர். மேல்தட்டில் முன்னோக்கி அமர்வோர் விமானிகள் இருவர். அவர்களுக்குப் பின்னே, தாழ்ந்த இடத்தில், பின்னோக்கி அமர்வோர் மூவர்: வழி கணிப்பவர் ஒருவர், ராடார் கொண்டு இலக்கைக் காண்பவர் ஒருவர், மின்சாதனங்களைக் கவனிப்பவர் ஒருவர். விமானிகள் இருவருக்கும் மார்ட்டின்-பேக்கர் நிறுவனம் செய்த வெளியேற்று இருக்கைகள் தரப்பட்டன. ஆபத்து வேளையில் ஒரு பிடியை இழுத்தால், இருக்கையின் அடியிலுள்ள வெடிமருந்து வெடித்து, அமர்ந்தவரை இருக்கையோடு வானில் தூக்கி எறிந்துவிடும். பிறகு பாராசூட் விரியும். 1946ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் இதை ஒரு மனிதரைக் கொண்டு வெற்றிகரமாகச் சோதித்திருந்தார்கள்.

பின்னால் அமர்ந்த மூவருக்கு இந்த இருக்கை கிடையாது. முதுகில் பாராசூட் உண்டு. விமானத்தின் வயிற்றுப் பக்கத்தில் ஒரு கதவு உண்டு. ஆபத்து நேர்ந்தால் வாரை அவிழ்த்து எழுந்து, அக்கதவைத் திறந்து, ஒருவர் பின் ஒருவராகச் சறுக்கி விழ வேண்டும். கதவுக்கு நேர் பின்னே முன்சக்கரத்தின் தூண் இருந்தது. இறங்குவதற்காகச் சக்கரங்களை நீட்டியிருந்தால், குதிப்பவர் அத்தூணில் மோதக்கூடும். விமானம் சுழன்றாலோ, தரைக்கு அருகே இருந்தாலோ, வெளியேறும் வாய்ப்பே இல்லை. தொடக்கத்தில் விமானக் குழுவினர் அமரும் அறை முழுவதையும் தனியே கழற்றி வீழ்த்தும் ஏற்பாடு வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். அது செய்வதற்கு அரிது என்று கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக அந்த மூவருக்கு வேறு எதுவும் தரப்படவில்லை.

இதன் விலை என்ன என்பது 1956 அக்டோபர் 1ஆம் நாள் வெளிப்பட்டது. ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சென்று பெருமையோடு திரும்பிய வல்கன் ஒன்று, லண்டன் விமான நிலையத்தில் இறங்க வந்தது. மழையும் மூடுபனியுமாகப் பார்வை மங்கியிருந்தது. கீழே வரவேற்புக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். விமானியாக ஸ்குவாட்ரன் லீடர் ஹோவர்ட் அமர்ந்திருந்தார். துணை விமானியின் இருக்கையில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைத் தலைவர் ஏர் மார்ஷல் பிராட்ஹர்ஸ்ட் அமர்ந்திருந்தார். தரையிலிருந்து ராடார் பார்த்து வழிசொன்ன அலுவலர், விமானம் மிகத் தாழ்ந்துவிட்டது என்று எச்சரிக்கவில்லை. விமானியும் தாம் வரையறுத்துக்கொண்ட உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டார். ஓடுபாதைக்கு ஏறத்தாழ 2,000 அடி முன்னதாகவே, காய்கறி விளைந்திருந்த வயலில் சக்கரங்கள் மோதிச் சிதைந்தன. விமானம் சில நூறு அடி எழும்பி, ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. விமானிகள் இருவரும் தம் இருக்கைகளின் உதவியால் தப்பினர். பின்னால் இருந்த நால்வரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் விமானத்தைச் செய்த நிறுவனத்தின் பிரதிநிதி.

விமானிகள் கோழைகள் என்று யாரும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. விமானத்தைக் காக்க முடிந்த மட்டும் முயன்ற பிறகே, அது முடியாதென்று கண்டு அவர்கள் வெளியேறினார்கள். அவர்கள் உள்ளேயே இருந்திருந்தால் நால்வருக்குப் பதில் ஆறு பேர் மாண்டிருப்பார்கள். குறை அவர்களுடைய துணிவில் இல்லை. இருவருக்கு ஒரு விதியும் மற்றவருக்கு வேறு விதியும் வகுத்த வரைபடத்தில் இருந்தது.

இரண்டாண்டுகள் கழித்து, 1958 அக்டோபர் 24ஆம் நாள், அமெரிக்காவின் மீது பறந்துகொண்டிருந்த மற்றொரு வல்கனில் மின்சாரம் நின்றது. வல்கனின் திசைதிருப்பும் பரப்புகளை அசைப்பதே மின்சாரந்தான். அவசர மின்கலங்கள் 20 நிமிடம் தாங்க வேண்டியவை. கோளாற்றினால் 3 நிமிடத்தில் தீர்ந்துபோயின. விமானம் டெட்ராயிட் நகரருகே வீழ்ந்து, அதிலிருந்த ஆறு பேரும் இறந்தனர். துணை விமானி வெளியேற்று இருக்கையால் வெளியே வந்தும், ஏரியில் விழுந்து மூழ்கிப்போனார். அவர் மிதவை அணிந்திருக்கவில்லை.

1959 ஜூலை மாதத்தில் இங்கிலாந்தில் வேறொரு வல்கனிலும் மின்சாரம் கெட்டது. அப்போது விமானத்தை உயரே கொண்டுசெல்ல விமானிகளால் முடிந்தது. பின்னிருந்தவர்கள் கதவு வழியே முதலில் குதித்தார்கள். விமானிகள் பிறகு வெளியேறினார்கள். அனைவரும் பிழைத்தனர். உயரமும் நேரமும் இருந்தால் கதவே போதும் என்று இதைக் காட்டிச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஆபத்து எப்போதும் அவகாசம் கொடுத்து வருவதில்லையே! 1964 மே மாதத்தில் ஒரு வல்கன் சுழன்று வீழ்ந்தபோது விமானிகள் இருவரும் தப்ப, பின்னிருந்த நால்வரும் மாண்டனர்.

இங்கே விசாரணைகளின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1959 ஆகஸ்டு 20ஆம் நாள் புது வகை விக்டர் விமானம் ஒன்று ஐவரோடு வேல்ஸ் கடலோரத்துக்கு அப்பால் மறைந்தது. என்ன நேர்ந்தது என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. கடலடியை மாதக்கணக்கில் அரித்து, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளை மேலே கொண்டுவந்தார்கள். அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, இறக்கை நுனியிலிருந்த ஒரு சிறு குழாய் அதிர்வினால் கழன்று போனதைக் கண்டுபிடித்தார்கள். காற்றின் அழுத்தத்தைக் கொண்டு வேகத்தை அறிவிப்பது அக்குழாய். அது போனதும் விமானத்தின் தானியங்கிக் கருவிகள் பொய்யான வேகத்தை நம்பி, விமானத்தைத் தலைகீழாகப் பாய வைத்தன. ஒரு சிறு குழாயின் குற்றத்தை அறியக் கடலையே சலித்த பொறுமையை நாம் வியக்காமல் இருக்க முடியாது.

உலோகத்தின் குற்றமும் இவ்வாறே வெளிவந்தது. எங்கள் ஊர்ச் சிற்பிகள் கல்லில் உளி வைக்குமுன் அதைத் தட்டி ஒலி கேட்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரிந்துவிடும். உலோகத்திலோ விரிசல் முதலிலேயே இருப்பதில்லை. வளைந்து வளைந்து நிமிர்வதால் நாளடைவில் பிறக்கிறது. ஒரு கம்பியை இங்குமங்குமாகப் பலமுறை வளைத்தால் ஒடிவது போன்றதே இது. இதனை உலோகச் சோர்வு என்பர். 1954ஆம் ஆண்டில் முதல் விக்டரின் வால், அதைப் பிணைத்த திருகாணிகள் சோர்ந்து முறிந்ததால் பறக்கும்போதே கழன்றது, நால்வர் மாண்டனர். அதே ஆண்டில்தான், அடுத்தடுத்து வீழ்ந்த காமெட் பயணி விமானங்களின் மர்மத்துக்கும் உலோகச் சோர்வே காரணமென்று, ஒரு விமானத்தை நீர்த்தொட்டியில் வைத்துச் சோதித்துக் கண்டார்கள்.

வேலியண்ட் மிக உயரத்தில் பறப்பதற்கென்று செய்யப்பட்டது. சோவியத் நாட்டின் ஏவுகணைகளுக்கு அஞ்சி, 1960களில் அதைத் தாழப் பறக்கவிட்டார்கள். தாழ்ந்த வானில் காற்று குலுக்கிக்கொண்டே இருக்கும். 1964 ஆகஸ்டு 6ஆம் நாள் ஒரு வேலியண்டின் இறக்கையைத் தாங்கும் உத்திரம் வானிலேயே முறிந்தது. நல்வாய்ப்பாக அது பத்திரமாக இறங்கியது. மற்ற விமானங்களை ஆராய்ந்தபோது அவற்றிலும் விரிசல்கள் காணப்பட்டன. 1965 ஜனவரியில் வேலியண்ட் விமானங்கள் யாவும் சேவையிலிருந்து விலக்கப்பட்டன. செலவு பெரிது, அரசுக்கு அவமானமும் பெரிது. எனினும் அம்முடிவு எத்தனையோ உயிர்களைக் காத்தது. போன உயிரை விசாரணை திருப்பித் தராது. போகவிருக்கும் உயிரை நிறுத்திவைக்கும்.

அப்படியானால் அந்த மூன்று இருக்கைகள் என்னவாயின? பின்புறத்தாருக்கும் வெளியேற்று இருக்கை பொருத்த முடியுமா என்று மார்ட்டின்-பேக்கர் நிறுவனம் ஆராய்ந்தது. 1960ஆம் ஆண்டில் ஒரு வேலியண்டின் பின்னிருக்கையிலிருந்து ஒரு மனிதரைப் பாதுகாப்பாக வெளியேற்றியும் காட்டியது. ஆகவே முடியாது என்ற வாதம் அன்றோடு தீர்ந்தது. ஆனால் எல்லா விமானங்களையும் திருத்துவதற்குப் பணமும் காலமும் அதிகமாகும் என்று அரசு மறுத்துவிட்டது. விரைவாக எழுந்து கதவருகே செல்ல உதவும் காற்றடைத்த மெத்தைகளும் திரும்பும் இருக்கைகளும் மட்டும் தரப்பட்டன.

1975 அக்டோபர் 14ஆம் நாள் மால்ட்டாத் தீவில் ஒரு வல்கன் இறங்க வந்தது. ஓடுபாதைக்கு முன்னதாகவே தரையில் மோதிச் சக்கரம் சிதைந்தது, மீண்டும் எழும்பியது, தீப்பற்றியது. விமானிகள் இருவரும் வெளியேறித் தப்பினர். பின்னிருந்த ஐவரும் மாண்டனர். ஸப்பார் என்னும் ஊரின் தெருவில் சிதறல்கள் விழுந்து, அறுந்த மின்கம்பியால் ஒரு பெண்ணும் உயிரிழந்தாள். லண்டனில் நிகழ்ந்தது 19 ஆண்டுகளுக்குப் பின் அப்படியே மறுபடி நிகழ்ந்தது. 1982இல் ஃபாக்லாந்துப் போரில் குண்டு வீசப் போனபோதும் வல்கனின் பின்னிருக்கைகள் பழையபடியே இருந்தன. 1984இல் வல்கன் படைச் சேவையிலிருந்து ஓய்வு பெற்றது. கண்காட்சிகளுக்காகப் பறந்த கடைசி வல்கனும் 2015இல் தரையிறங்கிவிட்டது. அந்த இருக்கைகள் இறுதிவரை வரவேயில்லை.

இது அயல்நாட்டுக் கதைதானே என்று எண்ணிவிடாதீர்கள். 1957 முதல் 2007 வரை நம் விமானப்படை பயன்படுத்திய கான்பெர்ரா குண்டுவீச்சு விமானமும் பிரிட்டனில் உருவானதே. கோவாவிலும், 1965, 1971 போர்களிலும் அது பணியாற்றியது. நாம் வாங்கிய கான்பெர்ராக்களுள் பெரும்பான்மையாக இருந்த குண்டுவீச்சு வகையில், விமானிக்கு வெளியேற்று இருக்கை உண்டு. மூக்குப் பகுதியில் இருந்து வழி காட்டியவருக்கு அது இல்லை. ஆபத்தில் அவரும் கதவைத் தேடிப் போக வேண்டியவரே. அதை அறிந்தும் நம் இளைஞர்கள் அதில் ஏறிச் சென்றார்கள்.

மாணவ நண்பர்களே, குழாய் ஒன்று கழன்றது ஏன் என்று அறியக் கடலைச் சலித்தவர்கள், இன்ன காரணத்தால் இந்த மூவர் சாவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தும் அதை மாற்றவில்லை. அறியாமையால் நேரும் விபத்தை அறிவு தடுத்துவிடுகிறது. அறிந்தே நேரவிடும் விபத்தைத் தடுக்க அறிவோடு நேர்மையும் வேண்டும். உங்களுள் சிலர் நாளை பொறியியலாளர் ஆவீர்கள். சிலர் பனியன் ஆலைகளும் சாயப் பட்டறைகளும் நடத்துவீர்கள். சிலர் அரசுக் கோப்புகளில் கையெழுத்திடுவீர்கள். ஒரு கட்டடத்தின் படத்தையோ ஓர் இயந்திரத்தின் படத்தையோ உங்கள் முன் விரிக்கும்போது, முன்வரிசையில் இருப்பவன் எப்படித் தப்புவான் என்பதை எவரும் கேட்பார்கள். கடைசி வரிசையில், கதவுக்குத் தொலைவில் இருப்பவன் எப்படி வெளியே வருவான் என்பதை நீங்கள் கேளுங்கள். திருப்தியான விடை கிடைக்கும்வரை கையெழுத்திடாதீர்கள்.