எதுவும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை

சலுகை கேட்டு ரோமுக்கு மனு அனுப்புவது மத்தியகால ஐரோப்பிய மடங்களுக்குப் பழகிப்போன காரியம். தசமபாகத்திலிருந்து விலக்கு, ஆயரின் அதிகாரத்திலிருந்து விடுதலை, மடத்து நிலங்களுக்குப் பாதுகாப்பு என்றெல்லாம் கேட்பார்கள். போப் முத்திரையிட்டு அனுப்புவார். 1228 செப்டம்பரில் ஒன்பதாம் கிரகோரி வழங்கிய ஒரு சாசனம் இந்த வழக்கத்தையே தலைகீழாக்கியது. இத்தாலியின் அசிசி நகருக்கு வெளியே, சான் தமியானோ என்ற சிறிய கோயிலை ஒட்டி வாழ்ந்த பெண்களுக்கு எழுதப்பட்ட சாசனம் அது. சொத்து எதையும் ஏற்கும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்பதே அதன் சாரம். ‘வறுமையின் சலுகை’ என்று பின்னாளில் பெயர் பெற்ற இதைப் போராடிப் பெற்றவர் கிளாரா. அப்போது அவருக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து வயது.

ஏழையாக இருப்பதற்கு அனுமதி எதற்கு? அதே அசிசியில், அதே ஆண்டில், எத்தனையோ பெண்கள் யாருடைய முத்திரையும் இல்லாமல் ஏழைகளாகவே பிறந்து ஏழைகளாகவே செத்தார்கள். அவர்களுடைய வறுமையைப் பற்றி ரோம் கவலைப்பட்டு ஓலை எழுதவில்லை. ஒரு பெண் வறுமையைத் தன் முடிவாகத் தேர்ந்தெடுத்தபோதுதான் அது திருச்சபைக்குப் பிரச்சினையாயிற்று. செல்வம், வறுமை, விசுவாசம் பற்றிய கிறிஸ்தவப் போதனையின் வரலாற்றைப் பெண்கள் பக்கமிருந்து வாசிக்க இந்த முரண் நல்ல வாசல்.

பெண்ணின் பணம்

இயேசுவும் சீடர்களும் ஊர் ஊராக நடந்தபோது யோவன்னா, சூசன்னா முதலிய பெண்கள் தங்கள் உடைமைகளைக் கொண்டு அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள் என்று லூக்கா நற்செய்தி போகிற போக்கில் சொல்லிவிடுகிறது. எல்லாவற்றையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வா என்ற அழைப்போ செல்வந்தனான ஓர் ஆணுக்கு விடுக்கப்படுகிறது. அவன் முகம் வாடித் திரும்பிப் போகிறான். தன்னிடமிருந்த இரண்டு காசுகளையும் காணிக்கைப் பெட்டியில் போட்டவள் ஒரு விதவை. கொடுக்கும் பெண்கள், தயங்கும் ஆண் என்று சுவிசேஷமே ஒரு சித்திரத்தை வைத்திருக்கிறது.

நான்காம் நூற்றாண்டில் இந்தச் சித்திரம் அரசியல் விவகாரமாகிவிட்டது. ரோமின் மேட்டுக்குடி விதவைகளும் வாரிசுப் பெண்களும் தங்கள் செல்வத்தைத் திருச்சபைக்கும் ஏழைகளுக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். 370இல் பேரரசன் வாலன்டினியன், குருமார்கள் விதவைகளின் வீடுகளுக்குப் போவதையும் அவர்களிடம் சொத்து பெறுவதையும் தடைசெய்தான். 390இல் தியோடோசியஸ் பெண் திருத்தொண்டர்களின் கொடைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தான். குருமார்களின் பேராசை இச்சட்டங்களுக்கு ஒரு காரணம் என்பது உண்மைதான். ஆனால் சட்டம் எதைக் காத்தது என்றும் பார்க்க வேண்டும். பெண் வழியாகக் குடும்பச் சொத்து வெளியே கசிந்துவிடக் கூடாது என்ற அச்சம் அதில் இருக்கிறது. அவள் வைத்திருக்கலாம், பிள்ளைகளுக்குக் கடத்தலாம். தானாக முடிவெடுத்துக் கொடுத்துவிடக் கூடாது.

விற்கப்பட்ட பங்கு

கிளாரா பிறந்த அசிசி, பழைய நிலப்பிரபுக்களும் புதிய வணிகர்களும் மோதிக்கொண்டிருந்த ஊர். துணி வணிகரின் மகனான பிரான்சிஸ் ஒரு பக்கம், பிரபுக்குலத்துப் பெண்ணான கிளாரா மறுபக்கம். உள்நாட்டுச் சண்டையில் கிளாராவின் குடும்பம் பெருஜியாவுக்கு ஓடித் தஞ்சமடைய வேண்டியிருந்தது. சண்டை ஓய்ந்து ஊர் திரும்பிய பின் அந்தக் குடும்பத்துக்கு அவசியமாய் இருந்தது நல்ல சம்பந்தம். இத்தாலிய நகரங்களில் மகளுக்கு வரதட்சணை கொடுத்து, அதோடு தந்தைவழிச் சொத்தில் அவளுடைய உரிமையை முடித்துவிடும் வழக்கம் அப்போது வலுப்பெற்றுவந்தது. வரதட்சணை என்ற சொல்லுக்கு நமக்கு விளக்கம் தேவையில்லை. மகளின் பெயரால் ஒதுக்கப்படும், மகளின் கைக்கு வராத பணம்.

கிளாரா திருமணத்துக்கு மறுத்தார். தன் பங்கை விற்றார். அவர் 1253இல் இறந்த சில மாதங்களில், புனிதர் பட்டத்துக்கான விசாரணை சான் தமியானோவில் நடந்தது. கூட வாழ்ந்த சகோதரிகள் ஒவ்வொருவராகச் சாட்சி சொன்னார்கள். அந்தச் சாட்சியங்களின் பழைய உம்ப்ரிய மொழிப் பிரதி 1920இல் அச்சேறியது. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பெண்கள் இன்னொரு பெண்ணைப் பற்றிச் சொன்னதை இவ்வளவு நெருக்கமாகக் கேட்க வேறு ஆவணங்கள் அதிகமில்லை. அதில் ஒரு செய்தி: கிளாரா சொத்தை விற்றபோது உறவினர்கள் கூடுதல் விலை தர முன்வந்தார்கள். அவர் அவர்களுக்கு விற்கவில்லை. ஏழைகள் ஏமாற்றப்படக் கூடாது என்று வேறு ஆட்களுக்கு விற்றார். சொத்து குடும்பத்துக்குள்ளேயே சுற்றிவந்தால் அதன் பிடியும் கூடவே வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது போலும்.

1212ஆம் ஆண்டு குருத்து ஞாயிறன்று இரவு (1211 என்பாரும் உண்டு) அவர் வீட்டை விட்டு வெளியேறினார். பிரான்சிஸ் அவருடைய கூந்தலைக் கத்தரித்தார். அங்கிருந்து அவர் போய்ச் சேர்ந்தது பெனடிக்டின் சபையின் வசதியான ஒரு மடம். துரத்திவந்த உறவினர்களுக்கு முன் பலிபீடத் துணியைப் பற்றிக்கொண்டு, மழித்த தலையைத் திறந்து காட்டினார் என்கிறது அவருடைய வரலாறு. சில நாட்களில் தங்கை கத்தரீனாவும் வந்து சேர்ந்தபோது அவளை அடித்து இழுத்துப்போக ஆட்கள் வந்தார்கள். பின்னாளில் தாய் ஒர்தலானாவும் இன்னொரு தங்கை பெயாத்ரீச்சேயும் கிளாராவோடு வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒரு குடும்பத்தின் பெண்கள் ஒவ்வொருவராகத் திருமணச் சந்தையிலிருந்து விலகிப்போன கதையாகவும் இதைப் படிக்கலாம்.

பாதுகாப்பு என்னும் சுவர்

பிரான்சிஸின் சகோதரர்கள் ஊர் ஊராகப் போனார்கள், வேலை செய்தார்கள், பிச்சை எடுத்தார்கள், பிரசங்கித்தார்கள். அவர்களுடைய வறுமையைப் போப் ஏற்றுக்கொண்டார். பெண்கள் அப்படித் திரிய முடியாது என்பதில் ரோமுக்கு ஐயமே இல்லை. கர்தினால் ஹூகோலினோ 1219 வாக்கில் இத்தகைய பெண் குழுக்களுக்கு ஒரு சட்டம் வகுத்தார். கடுமையான அடைப்பு, மௌனம், நோன்பு எல்லாம் அதில் உண்டு. வறுமை இல்லை. இதே ஹூகோலினோதான் பிறகு ஒன்பதாம் கிரகோரி ஆனவர்.

அவருடைய தர்க்கம் எளிது. பெண்கள் வெளியே வரக் கூடாது. வெளியே வராதவர்கள் பிச்சை எடுக்க முடியாது. எனவே உள்ளே சோறு வர நிலமும் குத்தகையும் வேண்டும். இதில் அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. பட்டினியால் மடங்கள் அழிவதை அவர்கள் பார்த்திருந்தார்கள். ஆனால் அடைப்பு என்ற முதல் படியை யாரும் கேள்வி கேட்கவில்லை. சுவரைக் கட்டியவர்களே, சுவருக்குள் இருப்பவர்களுக்குச் சொத்து அவசியம் என்றார்கள். நிலம் வந்தால் அதை நிர்வகிக்க ஓர் ஆண் வருவான். கொடை தந்த பிரபுக்குடும்பம் தன் மகளை மடத்தலைவியாக்கக் கேட்கும். புதிதாகச் சேரும் பெண்ணிடம் மடமும் வரதட்சணை கேட்கும். எந்தக் கணக்கிலிருந்து கிளாரா ஓடிவந்தாரோ, அதே கணக்கு மடத்துக்குள்ளும் திறக்கப்படும்.

1228இல் பிரான்சிஸுக்குப் புனிதர் பட்டம் வழங்க அசிசி வந்த கிரகோரி, கிளாராவுக்குச் சொத்து தர முன்வந்தார். வறுமை நேர்ந்த வாக்குறுதி தடையென்றால் அதிலிருந்து விடுவிக்கிறேன் என்றார். பாவங்களிலிருந்து விடுவியுங்கள், கிறிஸ்துவைப் பின்பற்றுவதிலிருந்து விடுவிக்க வேண்டாம் என்ற பொருளில் கிளாரா பதில் சொன்னதாக அவருடைய வரலாறு கூறுகிறது. அந்த ஆண்டே சாசனமும் கையில் வந்தது.

இரண்டாண்டுகளில் அடுத்த மோதல். போப்பின் அனுமதியின்றிப் பிரான்சிஸ்கன் சகோதரர்கள் பெண்கள் மடங்களுக்குப் போகக் கூடாது என்று 1230இல் ஆணை வந்தது. சகோதரிகளுக்குப் பிரசங்கம் நின்றுபோகும். அவர்களுக்காகப் பிச்சையெடுத்து உணவு கொண்டுவரும் சகோதரர்கள் மட்டும் வந்துபோகலாம். ஆன்மாவுக்கு உணவு தருபவர்களை நிறுத்தினால் வயிற்றுக்கு உணவு தருபவர்களும் வேண்டாம் என்று கிளாரா அவர்களையும் திருப்பி அனுப்பினார். போப் இறங்கிவந்தார். உண்ணாவிரதத்தை அரசியல் ஆயுதமாக அறிந்த நம் நாட்டு வாசகருக்கு இந்த நகர்வு புரியாமல் போகாது. நிறுவனம் தன் பொறுப்பில் வைத்திருக்கும் உடலையே அதன்முன் கேள்வியாக நிறுத்துவது அது.

பிராகாவுக்குப் போன கடிதங்கள்

கிளாரா தனித்து நிற்கவில்லை. பொஹீமிய அரசன் முதலாம் ஒட்டோகரின் மகள் ஆக்னஸ், பேரரசன் இரண்டாம் பிரடெரிக்குடனான திருமணத்தை மறுத்து 1234இல் பிராகாவில் துறவு பூண்டார். அவர் நிறுவிய மருத்துவமனையின் வருமானத்தை மடத்தோடு இணைத்து கிரகோரி ஆணையிட்டார். ஏழை நோயாளிகளுக்கான பணம் மடத்துக்குச் சொத்தாவதை ஆக்னஸ் ஏற்கவில்லை. 1238இல் அவரும் வறுமையின் சலுகையைப் பெற்றார்.

கிளாரா அவருக்கு எழுதிய கடிதங்களில் நான்கு கிடைத்திருக்கின்றன. பக்தி மொழிக்குள்ளே தெளிவான அறிவுரை இருக்கிறது. எடுத்த முடிவைத் தளர்த்தச் சொல்பவர் யாராக இருந்தாலும், மரியாதை கொடு, ஆனால் அந்த ஆலோசனையைப் பின்பற்றாதே என்கிறார். அந்தச் சூழலில் அப்படிச் சொல்லக்கூடியவர் யார் என்பது இருவருக்கும் தெரியும். பெயர் எழுதப்படவில்லை.

1247இல் நான்காம் இன்னொசென்ட் தந்த புதிய சட்டம், மடங்கள் பொதுவில் சொத்து வைத்திருக்க மீண்டும் வழிசெய்தது. அதன்பின் கிளாரா தானே ஒரு சட்டம் எழுதினார். பெண்களுக்காக ஒரு பெண் எழுதி, போப்பின் ஒப்புதல் பெற்ற முதல் துறவறச் சட்டம் என்று வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். சொத்து வேண்டாம், இடைத்தரகர் பெயரிலும் வேண்டாம். மடத்தின் ஒதுக்கத்துக்குத் தேவையான நிலம் மட்டும், அதிலும் சகோதரிகளின் தேவைக்கான தோட்டம் தவிர வேறு பயிர் கூடாது என்கிறது அது. சேரவரும் பெண் தன் உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுக்கட்டும். அதை எப்படிச் செய்கிறாள் என்பதில் மடத்தார் தலையிட வேண்டாம். கொடுக்க வழியில்லாதவளுக்கு நல்ல மனம் போதும். வரதட்சணையின் கதவு இந்த வரிகளில் அடைபடுகிறது. தலைவி வாரம் ஒருமுறையாவது எல்லாரையும் கூட்டிக் கலந்துபேச வேண்டும், பொதுச் சம்மதமின்றிப் பெரிய கடன் வாங்கக் கூடாது, தகுதியற்றவர் என்று தெரிந்தால் வேறொருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பவையும் அதிலேயே உண்டு. சொத்து இல்லாத இடத்தில் அதிகாரத்தையும் பகிர்ந்துகொள்ள முடிகிறது.

1253 ஆகஸ்ட் 9இல் ஒப்புதல் வந்தது. 11ஆம் தேதி கிளாரா இறந்தார். அவருடைய உடைகளோடு பாதுகாக்கப்பட்டிருந்த அந்த மூல ஆவணம் 1893இல்தான் மறுபடி கண்டெடுக்கப்பட்டது.

யாருடைய வறுமை?

இந்தக் கதையைப் புகழ்ந்து முடித்துவிட்டால் பாதிதான் சொன்னதாகும். கிளாராவால் துறக்க முடிந்தது, துறப்பதற்கு அவரிடம் பங்கு இருந்ததால். போப்போடு வாதாட முடிந்தது, பிரபுக்குலத்துப் பேச்சும் பழக்கமும் இருந்ததால். அவருடைய மடத்திலும் வெளியே போய்வரும் பணிச் சகோதரிகள் என்றொரு பிரிவு இருந்தது. அவர்கள் திரும்பி வந்தபோது கிளாரா அவர்களுடைய பாதங்களைக் கழுவினார் என்கின்றன சாட்சியங்கள். அது அந்தப் பிரிவைத் தணித்தது, நீக்கவில்லை. அடைப்பையும் அவர் ஏற்றுக்கொண்டார். அதே காலத்தில் பிளாண்டர்ஸ் நகரங்களில் பெகீன் பெண்கள், நிரந்தர வாக்குறுதி எதுவும் எடுக்காமல், நூல் நூற்றும் நோயாளிகளைப் பார்த்தும் சம்பாதித்து, ஊருக்குள்ளேயே பக்தி வாழ்க்கை வாழ்ந்தார்கள். அவர்களுக்கு வறுமை இலட்சியமாக இருந்ததைவிட உழைப்பு ஆதாரமாக இருந்தது. அந்த வழியையும் திருச்சபை சந்தேகத்தோடுதான் பார்த்தது.

கிளாரா வென்றதும் நீடிக்கவில்லை. 1263இல் நான்காம் அர்பன் அவருடைய பெயரிலேயே அமைந்த சபைக்குப் புதிய சட்டம் தந்தார். அதில் சொத்து அனுமதிக்கப்பட்டது. பெரும்பாலான மடங்கள் அதையே ஏற்றன. 1298இல் எட்டாம் போனிபாஸ் எல்லாக் கன்னியர் மடங்களுக்கும் கடும் அடைப்பை விதித்தார். அவரைப் புனிதராக்கிய நிறுவனம், அவர் கேட்டதை அவரோடு சேர்த்துப் பெட்டியில் பூட்டியது.

“ஏழைகள் பேறுபெற்றோர்” என்ற போதனை இரண்டு விதமாகப் பெண்களிடம் வந்து சேர்கிறது. இல்லாதவளிடம் அது பொறுத்துக்கொள் என்கிறது. இருப்பவளிடம், உன் குடும்பமும் குருவும் சொல்கிறபடி கொடு என்கிறது. கிளாரா அந்தப் போதனையை மூன்றாவது விதமாக வாசித்தார்: என்னுடையதைப் பற்றி நான் முடிவெடுப்பேன், அதன்பின் என்னை எதைக் கொண்டும் வாங்க முடியாது. இந்த வாசிப்பு எல்லாப் பெண்களுக்கும் சாத்தியமாக வேண்டுமென்றால், துறவைப் பற்றிப் பேசுவதற்கு முன் பங்கைப் பற்றிப் பேச வேண்டும். கையில் இல்லாததை யாரும் துறக்க முடியாது. பங்கு மறுக்கப்பட்டவளிடம் எளிமையைப் போதிப்பவர்கள், அவளிடமிருந்து எடுத்ததற்குப் புனிதமான ஒரு பெயரைத் தேடுகிறார்கள்.