சுரங்கத்துக்குப் போன கட்டுச்சோறு

வழிநடைக்கு உணவு கட்டுவது நம் மரபில் மிகப் பழைய வழக்கம். ஆற்றுணா, பொதிசோறு, கட்டமுது என அதற்குப் பெயர்களும் பல. திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியால் வருந்திய திருநாவுக்கரசருக்கு இறைவனே பொதிசோற்றுடன் காத்திருந்தான் என்கிறது பெரியபுராணம். சமைப்பது ஒரு திறம் என்றால், சமைத்ததைக் கெடாமலும் சிந்தாமலும் உண்ணும் இடம் வரை கொண்டு சேர்ப்பது வேறொரு திறம். நாம் இலையிலும் துணியிலும், பின்னாளில் தூக்குச்சட்டியிலும் கட்டினோம். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வால் பகுதி மக்களோ உணவைச் சுமக்கும் கலத்தையே உண்ணத்தக்கதாகச் செய்துகொண்டனர். பாஸ்டி எனப்படும் அந்த மாப்பண்டத்தின் வரலாற்றை இங்கே சிறிது நோக்குவோம்.

நம் சோமாசியை ஒரு சாண் அளவுக்குப் பெரிதாக்கி, எண்ணெயில் பொரிக்காமல் அடுப்பில் சுட்டதாக எண்ணிக்கொண்டால் பாஸ்டியின் உருவம் பிடிபட்டுவிடும். கோதுமை மாவில் கொழுப்பைச் சேர்த்து இறுகப் பிசைந்து, குளிர்ச்சியில் சில மணிநேரம் வைத்து, வட்டமாகத் தேய்க்கிறார்கள். நடுவில் மாட்டிறைச்சித் துண்டுகள், மெல்லியதாகச் சீவிய உருளைக்கிழங்கு, வெங்காயம், அவ்வூரார் டர்னிப் என்றழைக்கும் மஞ்சள் சதைக் கிழங்கு ஆகியவற்றை வைத்து, உப்பும் மிளகும் தூவி மடிக்கிறார்கள். விளிம்பைச் சோமாசிக்குச் செய்வது போலவே விரலால் முறுக்கி மூடுவார்கள். இதில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. உள்ளே வைப்பது எதுவும் முன்னதாக வேகவைக்கப்படுவதில்லை. இறைச்சியின் சாறும் கிழங்கின் நீரும் மூடிய மாவுக்குள்ளேயே வெந்து கலக்கின்றன.

தொடக்கத்தில் இது ஏழையின் உணவன்று. இடைக்கால இங்கிலாந்தில் பாஸ்டி என்பது மான் இறைச்சி பொதிந்த செல்வர் வீட்டு விருந்து. ஷேக்ஸ்பியரின் ‘தி மெர்ரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்சர்’ நாடகத்தின் முதல் அங்கத்திலேயே மான்கறிப் பாஸ்டி விருந்துக்கு வருகிறது. அண்டை மாவட்டமான டெவனில் உள்ள பிளிமத் நகரின் 1510ஆம் ஆண்டுக் கணக்கேட்டிலும் பாஸ்டி இடம்பெற்றிருப்பது 2006இல் வெளிச்சத்துக்கு வந்தது. பாஸ்டி யாருக்குச் சொந்தம் என்று இரு மாவட்டத்தாரும் அப்போது சொற்போர் நடத்தினர். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் வெள்ளீயமும் செம்பும் தோண்டிய கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களில்தான் மானின் இடத்துக்கு உருளைக்கிழங்கு வந்தது. அதற்கும் வழியற்றோர் ‘ஹாகன்’ என்னும், வாற்கோதுமை மாவைக் கல்லாக இறுக்கிச் சுட்ட உருண்டையைத் தின்று வேலை செய்தனர்.

விடியுமுன் சுரங்கத்தில் இறங்குகிறவன் நண்பகலில் மேலே ஏறி வந்து உண்ண முடியாது. தட்டு, கரண்டி எதற்கும் கீழே இடமில்லை. கனத்த மாவுறை சூட்டைக் காத்தது. சாறு சிந்தாமல் தடுத்தது. ஒவ்வொருவருடைய பாஸ்டியின் ஒரு முனையிலும் அவருடைய பெயரின் முதலெழுத்தை மாவிலேயே பொறித்து வைப்பார்கள். எதிர் முனையிலிருந்து தின்று வந்தால் எழுத்து கடைசிவரை நிற்கும். பாதியில் வைத்துவிட்டுப் போனாலும் இன்னாருடையது என்று அடையாளம் தெரியும்.

பாஸ்டியைப் பற்றிப் பரவலாக வழங்கும் கதை ஒன்று உண்டு. கார்ன்வால் தாதுக்களில் ஆர்செனிக் நஞ்சு கலந்திருக்கும். அது படிந்த விரல்களால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தின்றுவிட்டு, விளிம்பை எறிந்துவிடுவார்கள். அதற்காகவே விளிம்பு தடிப்பாக முறுக்கப்பட்டது என்பர். எறிந்த துண்டுகள் ‘நாக்கர்’ எனப்படும் சுரங்கக் குட்டித் தேவதைகளுக்குப் படையலாயின என்றும் கதை நீளும். நஞ்சு மெய்தான். ஆனால் பழைய நிழற்படங்களில் தொழிலாளர்கள் பாஸ்டியைத் துணிப்பையிலோ தாளிலோ பொதிந்து பிடித்திருக்கிறார்கள். பொதி இருக்கையில் கைப்பிடி எதற்கு? வறுமையில் உழன்ற வீடுகளில் மாவும் கொழுப்பும் எறிவதற்காகப் பிசையப்பட்டிருக்கும் என்று நம்புவது கடினம். உண்டு நிறைந்தவர்கள் பசித்தவர்களைப் பற்றிக் கட்டிய கதை இது என்றே நமக்குத் தோன்றுகிறது.

விளிம்பின் பயனை நாம் அடுக்களையில்தான் அறிந்தோம். ஆட்டிறைச்சி கொண்டு வீட்டில் செய்து பார்த்தபோது, பழக்கதோஷத்தால் சமோசாவுக்குச் செய்வது போல உள்ளீட்டை முதலிலேயே வேகவைத்தோம். குழம்பின் ஈரத்தில் அடிமாவு ஊறிக் கிழிந்து, தட்டெங்கும் வழிந்தது. மறுமுறை பச்சையாகவே வைத்து, விளிம்பை அழுத்தி முறுக்கினோம். ஒரு துளியும் சிந்தவில்லை. சேமிப்பதிலும் ஒரு பாடம் கிடைத்தது. சூட்டோடு டப்பாவில் அடைத்தவை தம் ஆவியிலேயே நனைந்து தொய்ந்தன. சுடாதவற்றை அப்படியே உறைபெட்டியில் வைத்து, வேண்டும்போது எடுத்துச் சுட்டால் புதியவை போலவே இருக்கின்றன. சுட்டவற்றையோ கம்பித்தட்டில் ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டொரு நாளில் உண்டுவிட வேண்டும். அக்காலப் பெண்களுக்கு உறைபெட்டி இல்லை. அவர்கள் செய்தது ஒருநாள் சேமிப்பு. ஆகவே ஒவ்வொரு நாளும் செய்தனர்.

1866இல் செம்பின் விலை வீழ்ந்தது. கார்ன்வால் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1861க்கும் 1901க்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் கடல் கடந்தனர். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. மனைவியை ஊரில் விட்டுப் பணம் அனுப்பியவர்களும் மிகப் பலர். அம்மனைவியருக்குக் ‘கணவனிருக்கும் கைம்பெண்கள்’ என்ற பொருளில் ஒரு பெயரே வழங்கிற்று. அவர்களுக்கு முன்பே, 1825இல் மெக்சிகோவின் ரியால் டெல் மோந்தே வெள்ளிச் சுரங்கங்களுக்குப் போன முதல் கூட்டத்தாருள் பலர் கடற்கரையிலேயே மஞ்சள் காய்ச்சலுக்கு இரையாயினர். எஞ்சியோர் மலையேறினர், அவர்களுடன் பாஸ்டியும் ஏறியது. இன்று அவ்வூரில் அதற்குப் ‘பாஸ்தே’ என்று பெயர். உள்ளே மிளகாயும் அவரையும் ‘மோலே’ குழம்பும் இருக்கின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் செம்புச் சுரங்கங்களில் பின்லாந்துக்காரர்கள் அதைக் கற்றுக்கொண்டனர். பின்னர் அது பின்லாந்துப் பண்டமே என்று சிலர் நம்பும் அளவுக்கு அவர்களுடையதாயிற்று.

அந்தக் கார்ன்வால்காரர்கள் நமக்கும் அயலார் அல்லர். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் தங்கம் தோண்டத் தொடங்கியபோது, அவர்களுள் பலர் மேற்பார்வையாளர்களாக அங்கு வந்து சேர்ந்தனர். அவர்களுக்குக் கீழே பாறையைக் குடைந்தவர்களுள் பெரும்பாலோர் ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள். அவர்களிலும் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஒரே குழியில் இரு நாட்டுப் பசி இறங்கியது. ஆயினும் கூலியும் குடியிருப்பும் ஒன்றாக இல்லை. கார்ன்வாலின் கடைசி வெள்ளீயச் சுரங்கமான சௌத் கிராஃப்டி 1998 மார்ச்சில் மூடப்பட்டது. கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மூன்றாண்டு இடைவெளியில் இரு ஊர்களிலும் சங்கொலி நின்றது.

2011இல் ஐரோப்பிய ஒன்றியம் கார்ன்வால் பாஸ்டிக்குப் புவிசார் காப்பு வழங்கியது. இறைச்சி நூற்றுக்கு 12.5 பங்குக்குக் குறையக் கூடாது. காய்கிழங்கு 25 பங்கேனும் வேண்டும். உள்ளீடு பச்சையாக இருக்க வேண்டும். மடிப்பு பக்கவாட்டில் அமைய வேண்டும். கார்ன்வாலிலேயே செய்யப்பட வேண்டும் என்று விதிகள் வகுத்தார்கள். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னும் அக்காப்பு அந்நாட்டில் தொடர்கிறது. நல்லதே. ஆயினும் விடியலுக்கு முன் எழுந்து, நான்கைந்து பேருக்கு நான்கைந்து எழுத்துகளை மாவில் பொறித்த பெண்ணைப் பற்றி அவ்விதிகளில் ஒரு சொல்லும் இல்லை. சுரங்க முதலாளிகளின் கணக்கேடுகள் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அவள் நாள்தோறும் எழுதியதோ அன்றன்றே உண்ணப்பட்டுவிட்டது. கட்டுச்சோற்றின் வரலாறு எந்த நாட்டிலும் இப்படித்தான் இருக்கிறது: உண்டவனுடைய பெயர் கிடைக்கிறது, கட்டிக் கொடுத்தவளுடைய பெயர் கிடைப்பதில்லை.