நிறுத்தப்பட்ட மாற்றுத்திறனாளி உதவித்தொகையும் மேல்முறையீடும்: செங்கல்பட்டு மாவட்டம்

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு மாதந்தோறும் வழங்கும் உதவித்தொகை, பயனாளி மருத்துவ மதிப்பீட்டுக்கோ மறுசரிபார்ப்புக்கோ வரவில்லை என்ற காரணத்தால் நின்றுபோவதுண்டு. அந்த நிறுத்தத்தை எதிர்த்து, தொகையைத் திரும்பப் பெறுவதற்கான வழிகளைச் செங்கல்பட்டு மாவட்டத்தையும் மாமல்லபுரம் கடற்கரையையும் முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. மதிப்பீட்டுக்கு வராதவர் வேறு, தகுதி இழந்தவர் வேறு. மருத்துவர் பரிசோதித்து, குறைபாட்டின் அளவு விதியில் உள்ளதைவிடக் குறைவு என்று எழுதினால் அது ஒரு முடிவு. பரிசோதனையே நடக்காதபோது அலுவலகத்தின் கையில் முடிவு எதுவும் இல்லை. ஒருவர் ஒரு நாள் வரவில்லை என்ற செய்தி மட்டுமே இருக்கிறது. மேல்முறையீடு முழுவதும் நிற்பது இந்த வேறுபாட்டின் மேல்தான்.

எந்தப் பணம், எந்த அலுவலகம்

ஊரில் ‘ஊனமுற்றோர் பென்சன்’ என்று ஒரே பெயரில் சொல்லப்படும் பணம் இரண்டு துறைகளிலிருந்து வருகிறது. ஒன்று, வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 1974-இல் தொடங்கிய இத்திட்டத்தை வட்ட அளவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் நடத்துகிறார். 2023 ஜனவரி முதல் இது மாதம் 1,500 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, 80 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையவர்களுக்கு இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தில் ஒன்றிய அரசு 300 ரூபாய் தருகிறது. மீதியை மாநில அரசு போடுகிறது. 2012-இல் நிர்ணயித்த அந்த 300 ரூபாய் பத்தாண்டு கடந்தும் உயரவில்லை. மற்றொன்று, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், அறிவுசார் குறைபாடு உடையோர், தசைச்சிதைவு நோயாளிகள், தொழுநோயால் பாதிக்கப்பட்டோர் ஆகியோர் இதைப் பெறுகிறார்கள். இதற்குப் பொறுப்பு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்.

எந்தப் பணம் நின்றது என்று தெரியாமல் போடும் மனு தவறான மேசைக்குப் போய்க் கிடக்கும். வங்கிப் புத்தகத்தில் கடைசியாக வரவு வைக்கப்பட்ட தொகையைப் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

செங்கல்பட்டு, 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த மாவட்டம். எந்த வட்டாட்சியரிடம் போவது என்பது ஊர் இருக்கும் வட்டத்தைப் பொறுத்தது. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் ஆகியவை திருக்கழுக்குன்றம் வட்டத்தில் உள்ளன. நெம்மேலி திருப்போரூர் வட்டத்தையும், தெற்கே கடப்பாக்கம் செய்யூர் வட்டத்தையும் சேர்ந்தவை.

ஏன் நிற்கிறது

பல ஊனச் சான்றுகள் காலவரம்பு உடையவை. குறைபாடு மாறக்கூடியது என்று மருத்துவர் கருதினால், செல்லுபடியாகும் காலத்தைக் குறித்துத் தற்காலிகச் சான்று தருவார். மனநோயாளிகள் பலரிடமும், வளரும் பிள்ளைகளிடமும் இருப்பது இவ்வகைச் சான்றுதான். காலம் முடிந்ததும் மறுமதிப்பீட்டுக்குப் போக வேண்டும். போகத் தவறினால் சான்று காலாவதியாகிறது, அதைப் பற்றிக்கொண்டு வந்த பணமும் நிற்கிறது. 2021 ஜூன் முதல் ஊனச் சான்றுகள் யூ.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டையின் இணையதளம் வழியாகவே வழங்கப்பட வேண்டும் என்று ஆனபின், பழைய காகிதச் சான்று வைத்திருந்தவர்களும் மருத்துவரிடம் திரும்பப் போக வேண்டியதாயிற்று. ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்று தவறுவதாலும், கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வரும்போது வீடு பூட்டியிருப்பதாலும் பெயர் நீங்குவதுண்டு.

இந்தக் கடற்கரையில் ஒருவர் மதிப்பீட்டு முகாமுக்கு வராமல் போவதற்கான காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தண்டுவடம் அடிபட்டுப் படுக்கையில் கிடக்கும் மீனவர் அந்தத் தொலைவைப் பேருந்தில் கடக்க முடியாது. வண்டி பிடித்தால் மாத உதவித்தொகையில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். துணைக்கு வருபவர் அன்றைய கூலியை விட வேண்டும். மனநோய் முற்றியிருப்பவருக்கு அழைப்புக் கடிதம் வந்ததே மனத்தில் பதியாமல் போகலாம். கைப்பேசி எண் மாறியிருந்தால் குறுஞ்செய்தி வேறு யாருக்கோ போகும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் கரையே முடங்கிவிடும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரை கடந்தது மாமல்லபுரம் அருகேதான்.

செங்கல்பட்டுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. திருமணியில் மத்திய தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பரனூரில் தொழுநோயால் பாதிக்கப்பட்டோருக்கான அரசு மறுவாழ்வு இல்லம் இருக்கிறது. நோய் குணமாகியும் விரல்களை இழந்தவர்கள் இம்மாவட்டத்தில் வாழ்கிறார்கள். சரிபார்ப்பின்போது கைரேகை கேட்கும் கருவி இவர்களை அடையாளம் காணாது. இதற்கு ஆதாரில் கருவிழிப் பதிவும், அதுவும் இயலாதவர்களுக்கு உடலடையாளப் பதிவிலிருந்து விலக்கும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், மின்னணு வழி அடையாளச் சரிபார்ப்பு மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்றும், அது அரசமைப்பின் 21-ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும் தீர்ப்பளித்தது. கைரேகை விழவில்லை என்பதைக் காரணமாகக் காட்டிப் பணம் நின்றால், மனுவில் குறிப்பிட வேண்டிய முதல் தீர்ப்பு இது.

சட்டம் என்ன சொல்கிறது

அரசமைப்பின் 41-ஆம் உறுப்பு, உடற்குறைபாட்டில் பொது உதவி பெறும் உரிமையை அரசு தன் வசதிக்குட்பட்டு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அதற்கு வடிவம் கொடுத்தது. அதன் 24-ஆம் பிரிவின்படி, பிறருக்கான ஒத்த திட்டங்களைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்க வேண்டும். 2023-இல் தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய் ஆனபோது, மாற்றுத்திறனாளிகளின் 1,500 ரூபாய் சரியாக அந்தக் குறைந்தபட்ச எல்லையில் வந்து நின்றது.

மேல்முறையீட்டுக்கு மிகவும் பயன்படுவது 3-ஆம் பிரிவு. மாற்றுத்திறனாளிக்குத் தேவையான நியாயமான ஏற்பாடுகளைச் செய்துதர அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அது. அத்தகைய ஏற்பாட்டை மறுப்பது பாகுபாடு என்று சட்டத்தின் வரையறையே சொல்கிறது. விகாஷ் குமார் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை விரிவாக எடுத்துரைத்தது. எழுந்து உட்கார முடியாதவரை முகாமுக்கு வரச்சொல்லி, வரவில்லை என்று பணத்தை நிறுத்துவது இந்தப் பிரிவோடு நேராக மோதுகிறது. வீட்டுக்கு வந்து பரிசோதிக்கவோ வேறு நாள் தரவோ கேட்பதை யாரும் சலுகைக் கோரிக்கையாக எண்ணிக் கூச வேண்டியதில்லை. அது சட்டப்படியான கோரிக்கை.

இதோடு இயற்கை நீதி சேர்கிறது. ஒருவரைப் பாதிக்கும் ஆணைக்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பதை, பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்ந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் வாழ்வாதாரத்தோடு இணைத்துப் பேசியது. முன்னறிவிப்பும் காரணமும் இல்லாமல் நின்ற உதவித்தொகைக்கும் இது பொருந்தும் என்று வாதிட வலுவான இடம் உண்டு.

பிரிட்டனில் இச்சிக்கலுக்கு எழுதப்பட்ட விதியே இருக்கிறது. அங்குள்ள தனிநபர் சார்பின்மைத் தொகைக்கான 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி, மதிப்பீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். வராததற்குத் தக்க காரணம் இருந்ததா என்று பார்க்கும்போது அவருடைய உடல்நிலையையும் குறைபாட்டின் தன்மையையும் கருத வேண்டும். அண்டை மாநிலமான ஆந்திரம் 2025-இல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியர்களை மருத்துவக் குழுக்கள் கொண்டு மறுபரிசோதனை செய்தது. பெயர் நீங்கும் என்ற அறிவிப்பு பெற்றவர்கள் எதிர்ப்பு தெரிவித்தபின் மேல்முறையீட்டுக்கும் மீண்டும் பரிசோதிக்கவும் வழி விட்டது. காரணத்தைக் கேட்டபின் முடிவெடுக்கும் இத்தகைய விதி தமிழ்நாட்டு அரசாணைகளிலும் வெளிப்படையாக இடம்பெற வேண்டும்.

எதிர்த்துக் கேட்கும் முறை

முதலில் வேண்டியது காரணம், எழுத்தில். வாய்மொழிப் பதிலை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் நிறுத்த ஆணையின் நகல், அதற்கு முன் அனுப்பிய அறிவிப்பு, அது சேர்ந்ததற்கான சான்று ஆகியவற்றைக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணத்தைத் தெரிவிப்பது அலுவலகத்தின் கடமை என்று அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவும் சொல்கிறது.

அந்தப் பதிலுக்குக் காத்திராமல், பணத்தை நிறுத்திய அலுவலருக்கே மறுபரிசீலனை மனு கொடுத்துவிடுவது நல்லது. வர இயலாத காரணம், அதற்கான ஆதாரம், புதிய மதிப்பீட்டு நாள் வேண்டும் என்ற கோரிக்கை ஆகியவை அதில் இருக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் விடுவிப்புச் சீட்டு போதும். புயல் நாளுக்கு மாவட்ட நிர்வாகத்தின் விடுமுறை அறிவிப்பே ஆதாரம். நின்ற மாதம் முதலான நிலுவைத் தொகையையும் வெளிப்படையாக எழுதிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் புதிய விண்ணப்பம் போல எடுத்துக்கொண்டு அன்று முதல் மட்டும் வழங்கப்படலாம். ‘புதுசா எழுதிக் குடுங்க’ என்று சொல்லும்போது ஒப்புக்கொள்ளுமுன் இதை யோசிக்க வேண்டும். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது.

வருவாய்த் துறை ஓய்வூதியத்தில் அடுத்த படி சார் ஆட்சியர் அல்லது வருவாய்க் கோட்டாட்சியர். திருக்கழுக்குன்றம் வட்டத்தாருக்கு அது செங்கல்பட்டுக் கோட்டம், செய்யூர் வட்டத்தாருக்கு மதுராந்தகம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தில் ஆட்சியரிடமும் மனு தரலாம். மதிப்பீடு நடந்து விழுக்காடு குறைத்து எழுதப்பட்டிருந்தால் வழி வேறு: உரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்கீழ், சான்றளித்த மருத்துவரின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு. இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் இரண்டும் தேங்கும்.

துறைக்குள் பதில் இல்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். உரிமை மறுப்பை 80-ஆம் பிரிவின்கீழ் விசாரித்து அவர் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையை அலுவலகம் மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கடைசியாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில், அரசமைப்பின் 226-ஆம் உறுப்பின்கீழ் நீதிப்பேராணை மனு. வழக்குச் செலவை நினைத்துப் பின்வாங்கத் தேவையில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவு மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி தருகிறது. செங்கல்பட்டில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பித்தால் அங்கிருந்தே வழக்கறிஞர் ஒதுக்கப்படுவார்.