சேலையின் மடிப்பும் அன்னையின் திருவுருவும்



மார்க்கத்தில் நம் மறைக்கல்வி மாணவி ஒருத்தி, கிறிஸ்து பிறப்பு வாழ்த்து மடலுக்கென அன்னை மரியாளைச் சேலை உடுத்தவராக வரைந்து கொண்டுவந்தாள். முகம் அழகாக அமைந்திருந்தது. சேலையோ பலகைபோல் நின்றது. "மடிப்பு எப்பிடிக் கீறுறது, ஃபாதர்?" என்று கேட்டாள். அருகில் நின்ற பெரியவர் ஒருவரோ, "மாதாவுக்கு ஏன் பிள்ளை சேலை?" என்றார். இரண்டு கேள்விகளையும் வரலாற்றின் துணையோடு சிந்திப்போம்.

துணிக்கெனத் தனி வடிவம் இல்லை. தோள், இடுப்பு, மடக்கிய முழங்கால் என எந்த இடம் அதைத் தாங்குகிறதோ, அங்கிருந்தே மடிப்புகள் பிறந்து கீழ்நோக்கி விரிகின்றன. பதினைந்தாம் நூற்றாண்டில் புளோரன்ஸ் நகரில் பயின்ற இளம் லியொனார்டோ டா வின்சி, களிமண் குழம்பில் தோய்த்த துணியை உருவங்கள்மீது போர்த்தி, அசையாத அம்மடிப்புகளைப் பொறுமையோடு வரைந்து பழகினார் என்று வசாரி எழுதியுள்ளார். இத்தகைய பட்டறைகளில் நாம் அறிந்த மரியன்னையின் நீல மேலாடையும் வரையப்பட்டது. அது நாசரேத்தூர்த் தறியில் நெய்யப்பட்டதன்று. ஓவியர்கள் தம் ஊர்த் துணியையே அன்னைக்கு உடுத்தினார்கள்.

நம் சேலைக்கும் அத்தகைய ஓவியர் ஒருவர் வாய்த்தார். திருவிதாங்கூரின் கிளிமானூரில் 1848இல் பிறந்த இரவிவர்மா, ஐரோப்பியரின் எண்ணெய் வண்ணத்தையும் ஒளிநிழல் முறையையும் கற்று, பட்டின் பளபளப்பையும் கொய்யகத்தின் வரிசையையும் கண்முன் நிறுத்தினார். 1894இல் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து வெளிவந்த படங்கள் எளியோர் இல்லச் சுவர்களையும் அடைந்தன. சேலை உடுத்த இலட்சுமியும் சரசுவதியும் மக்கள் மனத்தில் அவ்வடிவிலேயே பதிந்தனர்.

மரியன்னைக்குச் சேலை உடுத்தியவரோ அதற்கு விலை கொடுத்தார். கோவாவில் 1902இல் பிறந்த கத்தோலிக்கரான ஆஞ்செலோ டா பொன்சேகா, சாந்திநிகேதனில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்று ஊர் திரும்பினார். அவர் வரைந்த இந்திய முகமும் சேலையும் கொண்ட மாதாவைப் போர்த்துக்கேய ஆட்சியிலிருந்த அச்சமூகம் ஏற்கவில்லை. எதிர்ப்பினால் அவர் ஊரை விட்டுப் புனே சென்று, அங்கே ஓர் ஆங்கிலிக்கன் ஆசிரமத்தில் தங்கி வரைந்தார். எந்தக் கலைப்பாணியையும் திருச்சபை தனக்கு மட்டுமே உரியதெனக் கொண்டதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் அறிவித்தது. நான்கு ஆண்டுகளின் பின் பொன்சேகா இறந்தார். அவருடைய ஓவியங்கள் பல இன்று கோவாவிலேயே, சவேரியார் வரலாற்று ஆய்வு மையத்தில் காக்கப்படுகின்றன.

இவற்றைப் பெரியவரிடம் எடுத்துரைத்தேன். பிள்ளையிடம் நான் சொன்னது வேறு: "வீட்டில் அம்மம்மாவைச் சேலை உடுத்திக் கதிரையில் இருக்கச் சொல். முதலில் உடலை வரை. கொய்யகம் எங்கே செருகப்பட்டிருக்கிறது, தலைப்பு எந்தத் தோளில் தொங்குகிறது என்று பார். மடிப்புகளை அதன் பிறகு வரை."

நம் பிள்ளைகள் அன்னையைத் தம் அம்மம்மாவின் சாயலில் காண்பதைத் தடுக்காதீர்கள். பொன்சேகாவுக்கு அவர் ஊர் செய்ததை நாம் நம் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டாம்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.