முதலில் நீண்ட கரம்

திருவனந்தபுரத்திற் குடியேறிய தமிழருக்குச் ‘சாலை’ என்றால் கடைத்தெரு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் அமைத்த அவ்வங்காடியில் தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். மக்கள் கூடுமிடத்திற் சரக்கு மட்டுமா கைமாறும்? நோயும் கைமாறும். முற்காலத்தில் ஊரையே நடுங்கச் செய்த நோய் பெரியம்மை. மலையாளத்தார் அதனை வசூரி என்பர்.

1796-இல் இங்கிலாந்து மருத்துவர் ஜென்னர், பசுவம்மைக் கொப்புளத்து நீரை ஒரு சிறுவன் கையிற் கீறிச் செலுத்திப் பெரியம்மையைத் தடுக்கும் வழி கண்டார். 1813-இல் அம்முறை திருவிதாங்கூரிற் புகுந்தது, மக்கள் அஞ்சினர். அவ்வச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின், தானே வரும் துன்பத்தை விதியென்று பொறுக்கும் மனம், தன் செயலால் விளையும் சிறு தீங்கையும் பொறாது. நோயற்ற குழந்தையின் கையைக் கீறுவதற்கு எந்தத் தாய் எளிதில் இசைவாள்? தடுப்பூசித் தயக்கத்தை ஆராய்ந்து 1990-இல் உளநூலறிஞர் ரிட்டோவ், பாரன் இருவரும் எடுத்துக்காட்டியதும் இம்மனப்பாங்கையே.

அந்நாளில் நாடாண்ட அரசி கௌரி லட்சுமி பாய் இதற்கு ஒரு வழி கண்டார். மக்களின் அச்சம் நீங்குமாறு அரச குடும்பத்தினரே முதலில் அம்மை குத்திக்கொண்டனர். ஆயிரம் விளக்கம் செய்யாததை, நம்பிக்கைக்குரியோர் நீட்டிய கரம் செய்யக்கூடும்.

சொல்லுக்கும் இதிற் பங்குண்டு. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் எனக்கு இது வியப்பளிப்பது. ‘வாக்சின்’ என்பது பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. தமிழரோ அம்மருந்தை ‘அம்மைப்பால்’ என்றனர். பழகிய பெயர் பெற்ற புதுமை வீட்டினுள் எளிதில் நுழையும்.

எனினும் ஒரே நாளில் உலகம் மாறிவிடவில்லை. 66 ஆண்டுகள் கழித்து, 1879-இல், அரசு ஊழியர், மாணவர், சிறையாளர் முதலியோர்க்கு அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கும் ஆணை பிறந்தது. முன்மாதிரியும் வேண்டும், ஆணையும் வேண்டும், பொறுமையும் வேண்டும். உலகினின்று பெரியம்மை ஒழிந்ததென்ற அறிவிப்பு 1980-இல் வந்தது.

நேயர்களே, 2020 சனவரி முதல் நாள், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குக் கேரள அரசு தடை விதித்தது. இங்கும் ஆணை வந்துவிட்டது. பழக்கம் இன்னும் முழுதும் வந்து சேரவில்லை. சாலைக் கடை முன் துணிப்பையை நீட்டும் ஒருவரைக் காணும் அடுத்தவர், நாளை தாமும் ஒன்று கொணர்வார். அந்த முதற்கரம் நம்முடையதாகட்டும்.