ஒட்டகத்தின் சிறுநீரகமும் போடில் ஷ்மிட்-நீல்சனும்

முதுகலை விலங்கியல் பயின்ற காலத்தில் ஷ்மிட்-நீல்சன் என்ற பெயரை ஒருவருக்கு மட்டுமே உரியதாகக் கருதியிருந்தேன். எங்கள் பாடநூலின் ஆசிரியரான க்னூட் அவர். ஆய்வு தொடங்கிய பின்னரே, பாலை விலங்குகளின் நீர்ச் சமநிலை குறித்த 1952ஆம் ஆண்டுக் கட்டுரையில் அதே குடும்பப் பெயர் இருமுறை இருப்பதைக் கவனித்தேன். மற்றவர் போடில்.

1918இல் கோபன்ஹேகனில் பிறந்த போடில், ஒப்பீட்டு விலங்கு உடலியங்கியலை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான ஆகஸ்ட் குரோவின் கடைசி மகள். தாய் மரீ குரோ, மருத்துவரும் நுரையீரலில் வாயுப் பரிமாற்றத்தை ஆராய்ந்தவரும் ஆவார். போடில் பல்மருத்துவம் படித்து 1941இல் பட்டம் பெற்றார். தந்தையின் மாணவரான க்னூட்டை மணந்து, 1946இல் அவருடன் அமெரிக்கா சென்றார். அங்கு, அரிசோனாவின் கங்காரு எலி நீரே அருந்தாமல் வாழ்வது எப்படி என்பதை இருவரும் ஆராய்ந்தனர். உணவு உடலில் எரியும்போது உண்டாகும் நீரும், மிகச் செறிந்த சிறுநீரும் அவ்விலங்கைக் காக்கின்றன.

1953இல் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு சகாராவின் பெனி அப்பேஸ் சென்றனர். ஒட்டகம் திமிலில் நீரைச் சேமிக்கிறது என்ற பழங்கதை அங்குத் தகர்ந்தது. க்னூட்டின் புகழ் பெரிதும் இங்கிருந்தே தொடங்குகிறது. ஆனால் என் மதிப்பீட்டில், அப்பயணத்தின் ஆழமான விளைவு சிறுநீரகத்தைப் பற்றியது. அதை முன்னெடுத்தவர் போடில். பாலூட்டிகளின் சிறுநீரகம் யூரியாவைக் கட்டுப்படுத்துவதில்லை, அது வெறுமனே வடிந்து செல்லும் கழிவு என்பதே அன்றைய உறுதியான கருத்து. புரதம் குறைந்த தீவனம் உண்ட ஒட்டகமோ யூரியாவை மிகச் சிறிதளவே வெளியேற்றியது. தேக்கிவைத்த யூரியா இரைப்பைக்குச் செல்ல, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதிலிருந்து மீண்டும் புரதம் ஆக்குகின்றன. கழிவு என்று எண்ணப்பட்டது, பஞ்ச காலத்துச் சேமிப்பாக இருந்தது! துறையின் பெரியோர் இதை உடனே ஏற்கவில்லை.

டியூக் பல்கலைக்கழகத்தில் க்னூட் பேராசிரியர்; போடிலுக்குக் கிடைத்தது ஆய்வு சார்ந்த பதவி. 1964இல் கிளீவ்லாந்துக்குப் பேராசிரியராகச் சென்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. 1966இல் மணமுறிவு. (ஒரே துறையில் ஆராய்ச்சி செய்யும் தம்பதியரில் யாருக்குப் பணி, யாருக்குத் திட்ட ஊதியம் என்ற கேள்வி நம் வளாகங்களுக்கும் புதிதன்று.) 1887இல் தோன்றிய அமெரிக்க உடலியங்கியல் கழகத்துக்கு 1975இல்தான் ஒரு பெண் தலைவரானார். அவர் போடிலே.

டியூக் வளாகத்தில் இன்று க்னூட் ஒரு ஒட்டகத்தை நோக்கி நிற்கும் சிலை உள்ளது. போடில் 1995இல் தம் பெற்றோரின் வரலாற்றை எழுதினார். நோபெல் பரிசு தந்தைக்கு மட்டுமே கிடைத்தது. நூலின் தலைப்பிலோ ஆகஸ்ட், மரீ என இருவர் பெயரையும் வைத்தார்.